சூடான தேநீரைப் பிளாஸ்டிக் பையில் வாங்கிக் குடிப்பதால் ஆண்மைக்குறைவு வருமா? நுண்பிளாஸ்டிக் விந்தணுவைக் குறைக்கும் என்கிறார்களே, உண்மையா?

முதலில் ஒரு திருத்தம். ஆண்மைக்குறைவு, அதாவது உறவின்போது விறைப்பு வராமை, வேறு; விந்தணு குறைவாக இருப்பது வேறு. குழந்தை இல்லாத எங்கள் வீட்டில் இந்தச் சொற்குழப்பத்தால் மூன்று ஆண்டுகள் வீணாயின. ‘எனக்குத்தான் ஒரு குறையும் இல்லையே’ என்று நான் பரிசோதனைப் பக்கமே போகவில்லை. என் மனைவிக்கு எடுக்காத ஸ்கேன் இல்லை. அம்மா அவளைப் பீலிக்கான் முனீஸ்வரரிடம் அழைத்துப்போய் நேர்ந்துகொண்டார். நான் காணிக்கை கொடுத்ததோடு சரி.

ரங்கூனில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். காலையும் மாலையும் எங்கள் அலுவலகத்துக்குப் பால் தேநீர் மெல்லிய பிளாஸ்டிக் பையில்தான் வரும். கழுத்தில் ரப்பர் வளையம் மாட்டி, ஆவி பறக்கப் பையன் தூக்கிவருவான். வீட்டுக்கு வாங்கிப்போகும் மொஹிங்காவின் (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) குழம்பும் அப்படியே. ஒருவழியாகச் சோதித்தபோது என் விந்தணு எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டருக்கு 90 இலட்சம் என்று வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேட்டில் கீழ்வரம்பு 1 கோடியே 60 இலட்சம். அன்றிரவே நுண்பிளாஸ்டிக் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், மனம் இலேசானது. பழி போட ஆள் கிடைத்துவிட்டதல்லவா?

படித்ததில் தேறியது இது. ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த துணுக்குகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். விந்தணுவின் தலையே ஏறக்குறைய ஐந்து மைக்ரோமீட்டர்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. அதைவிடப் பல மடங்கு சிறிய துகள்களும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தார் 2024இல் விந்தணு உருவாகும் உறுப்பான விதையை எடுத்து, 23 மனித விதைகளையும் 47 நாய் விதைகளையும் ஆராய்ந்தார்கள். ஒன்றுவிடாமல் எல்லாவற்றிலும் பிளாஸ்டிக் இருந்தது. மனிதத் திசுவில் சராசரியாக ஒரு கிராமுக்கு 329 மைக்ரோகிராம். நாய்களில் இருந்ததைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதிகம் இருந்தது பாலிஎத்திலீன், அதாவது நம் தேநீர்ப் பை எந்த வகையோ அந்த வகை. இத்தாலியில் பத்து ஆண்களின் விந்தைப் பார்த்ததில் ஆறு பேருடையதில் துகள்கள் இருந்தன.

இங்கேதான் நிதானம் வேண்டும். அந்த மனித விதைகள் பிரேதப் பரிசோதனையில் எடுத்துப் பதப்படுத்தி வைத்தவை. அவற்றில் விந்தணுவை எண்ணவே முடியவில்லை. நாய்களில் எண்ணினார்கள். பிவிசி என்ற பிளாஸ்டிக் வகை கூடுதலாக இருந்த விதைகளில் விந்தணு குறைவாக இருந்தது. அது ஒரு தொடர்பு, அவ்வளவே. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா என்பது அதிலிருந்து தெரியாது. எலிகளுக்குப் பாலிஸ்டைரீன் மணிகளைக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் விதையில் அழற்சியும் விந்தணுக் குறைவும் தெரிந்தன. ஆனால் பலவற்றில் கொடுத்த அளவு நாம் அன்றாடம் விழுங்குவதைவிட மிக அதிகம். அளவிடும் முறையிலும் சிக்கல் உண்டு. திசுவைச் சூடாக்கிச் சிதைத்து அளக்கும்போது உடல் கொழுப்பே பாலிஎத்திலீன்போலக் காட்டக்கூடும் என்று வேதியியலாளர் சிலர் எச்சரிக்கிறார்கள். என்னைக் கேட்டால், துகளைவிட அதில் கலந்திருக்கும் தாலேட் போன்ற வேதிப்பொருள்களுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அவை ஹார்மோன்களில் தலையிடுபவை என்பதற்குச் சான்று வலுவானது.

சூடு பற்றிக் கேட்டீர்கள். அது நியாயமான கேள்வி. அயர்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் பாலிபுரொப்பிலீன் குழந்தைப் பால் புட்டிகளைச் சோதித்தபோது, ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 இலட்சம் துகள்கள்வரை உதிர்ந்தன. நீர் சூடாகச் சூடாக உதிர்வது கூடியது.

இத்தனையும் படித்துக்கொண்டு, பெரிய அறிவாளிபோல மருத்துவரிடம் போய் உட்கார்ந்தேன். நடுவயதுப் பர்மியப் பெண்மணி. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பிளாஸ்டிக்கை அப்புறம் பார்க்கலாம். வாயில் என்ன?” என்றார். குன்யா. புகையிலை வைத்து மடித்த வெற்றிலை, ஒரு நாளைக்கு எட்டுப் பத்து. புகையிலை விந்தணுவைக் கெடுக்கும் என்பதற்குப் பிளாஸ்டிக்குக்கு இருப்பதைவிடப் பழைய, உறுதியான சான்றுகள் இருக்கின்றன. அதைச் சிவந்த பல்லோடு கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு உடலைச் சோதித்ததில், விதைப்பையில் சிரைகள் புடைத்திருப்பது தெரிந்தது. வெரிகோசில் என்பார்கள். விதை உடற்சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். புடைத்த சிரைகள் அந்த இடத்தைச் சூடாக்கிவிடுகின்றன. குழந்தையில்லாமல் சோதனைக்கு வரும் ஆண்களில் மூன்றில் ஒருவருக்காவது இது இருக்கிறதாம்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டேன், குன்யாவை விட்டேன். ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள்கள் ஆவதால் மூன்று மாதத்துக்கு முன் சோதித்துப் பயனில்லை என்றார்கள். ஆறாம் மாதம் பார்த்தபோது 1 கோடியே 90 இலட்சம். குழந்தை இன்னும் இல்லை.

நீங்கள் செய்யவேண்டியது முதலில் விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டுக் கொடுங்கள். ஒரே முடிவைப் பார்த்து இடிந்துபோகாதீர்கள். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். கீழ்வரம்புக்குக் குறைந்தவர்களும் தந்தையாகியிருக்கிறார்கள்.

தேநீர்ப் பையை நானும் நிறுத்திவிட்டேன். பாட்டியின் பித்தளைத் தூக்குவாளிக்கு உள்ளே ஈயப்பூச்சு போயிருந்ததால் எவர்சில்வரில் புதிதாக ஒன்று வாங்கினேன். கடைப் பையன் முதல் நாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேநீரைப் பையில் ஊற்றி, பையை அதற்குள் வைத்துக் கொண்டுவந்தான்.