ஆபரேஷன் முடிந்த முதல் இரவில் கூட இருப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன், நாளை வார்டுக்கு மாற்றுகிறார்கள், இரவு துணைக்கு இருக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அறுவைச் சிகிச்சை வார்டில் 11 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். அவர் மூச்சை எண்ணுங்கள் என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

பிபியும் பல்ஸும் மெஷினே காட்டிவிடும். சாதாரண வார்டில் மூச்சை மட்டும் ஒருவர் பக்கத்தில் நின்று, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து, முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30 படுக்கைக்கு இரண்டு நர்ஸ் இருக்கும் இரவில் அந்த ஒரு நிமிடம்தான் முதலில் பறிபோகிறது. எண்ணாமலே எல்லா நோயாளிக்கும் வரிசையாக 20 என்று எழுதிய கேஸ் ஷீட்களைப் பார்த்திருக்கிறேன், இன்றும் மனதை உறுத்துகிறது. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு.

சில வருடங்களுக்கு முன் பித்தப்பை ஆபரேஷன் முடிந்த பெரியவர் ஒருவர். வலி தாங்காமல் இரவு 11 மணிக்கு மார்ஃபின் ஊசி போட்டோம். 12 மணிக்குப் போனேன். "அப்பா இப்பதான் அசந்து தூங்குறார், எழுப்பிடாதீங்க சிஸ்டர்" என்றார் மகன். நல்ல குறட்டை. விரலில் மாட்டிய கருவியில் ஆக்ஸிஜன் 96. மூச்சை எண்ணினால் 7 தான், மார்ஃபின் வலியோடு மூச்சையும் குறைத்துவிடும். தோளைத் தட்டிக் கூப்பிட்டதும் கண்ணைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார்.

மூக்கில் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருந்ததால்தான் அந்த 96. மூச்சு குறைந்து உள்ளே கார்பன் டை ஆக்ஸைடு சேர்வதை அந்தக் கருவி காட்டாது. தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே டியூட்டி டாக்டரை வரவழைத்தோம், மார்ஃபினை முறிக்கும் நலோக்ஸோன் மருந்தைப் போட்டார், பெரியவர் விழித்துவிட்டார். அப்புறமும் விடியும்வரை அவரைவிட்டு நகரவில்லை. நலோக்ஸோன் சீக்கிரம் தீர்ந்துவிடும், மார்ஃபின் அதைவிட நீண்ட நேரம் உடம்பில் இருக்கும். திரும்பவும் மயக்கத்துக்குள் போகலாம்.

மகன் மேல் தவறே இல்லை. வலியில் துடித்தவர் தூங்கினால் யாருக்கும் நிம்மதிதான். இதைக் கேட்டுப் பயந்து வலி ஊசியே வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். வலி இருந்தால் ஆழமாக மூச்சு இழுக்கவும் இருமவும் முடியாது, சளி தேங்கி நிமோனியா வரலாம்.

நீங்கள் எண்ணுவது அவருக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் மூச்சு மாறிவிடும். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணுங்கள். 10-க்குக் கீழே போனாலோ, கூப்பிட்டால் விழிக்கத் திணறினாலோ உடனே சொல்லுங்கள். 24-க்கு மேல் போனாலும் அப்படித்தான். அதோடு நாடி வேகமாகி, உடம்பு சில்லென்று வியர்த்தால் உள்ளே ரத்தம் கசியலாம். பிபி கடைசியில்தான் இறங்கும். யூரின் பையையும் பாருங்கள். 60 கிலோ உள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும். கட்டு மேலே சுத்தமாகத் தெரிந்தாலும் இடுப்புக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள், ரத்தம் வழிந்து விரிப்பில்தான் தேங்கும்.

தண்ணீர் கேட்டால் சிஸ்டரைக் கேட்காமல் ஒரு வாய்கூடக் கொடுக்காதீர்கள். முதல் முறை எழுந்து நிற்கும்போது நர்ஸ் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆள் கூப்பிட ஓடும்போது "ஏதோ மாதிரி இருக்கார்" என்று சொல்லாதீர்கள். "மூச்சு நிமிடத்துக்கு 8 தான் இருக்கு சிஸ்டர், தட்டினாலும் முழிக்கலை" என்று சொல்லுங்கள். கையில் எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வருவோம்.