ஹார்ட் டிஸ்க் கூண்டு: ஐந்தா, நான்கா?

வீட்டு சர்வர் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் டிரைவ் கூண்டு, அதாவது பல ஹார்ட் டிஸ்க்குகளை ஒன்றாகப் பிடித்துவைக்கும் சட்டம், பற்றிய கேள்விகள்தான். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: பழைய டவர் கேபினெட்டில் சிடி டிரைவ் போடும் இடம் மூன்று காலியாக இருக்கிறது. அதில் நான்கு ஹார்ட் டிஸ்க் பிடிக்கும் கூண்டும் கிடைக்கிறது, ஐந்து பிடிப்பதும் கிடைக்கிறது. ஐந்தே வாங்கிவிடலாமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சிடி டிரைவ் இடம் ஒன்றின் உயரம் 41.3 மி.மீ., அகலம் 146 மி.மீ. மூன்று அடுக்கினால் ஏறக்குறைய 124 மி.மீ. உயரம் கிடைக்கும். 3.5 இன்ச் டிஸ்க்கின் பருமன் 26.1 மி.மீ. நான்கைப் படுக்கவைத்து அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் 31 மி.மீ. வருகிறது, டிஸ்க் போக மிச்சம் ஏறக்குறைய 5 மி.மீ. ஐந்து பிடிக்கும் கூண்டில் டிஸ்க்குகள் பக்கவாட்டில் நிற்கும். 146-ஐ ஐந்தால் வகுத்தால் 29 மி.மீ.; மிச்சம் 3 மி.மீ. அந்த மூன்றிலும் கூண்டின் சுவரும் ட்ரே தகடும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்.

காற்று போவது இந்த மிச்சத்தில்தான். எத்தனை டிஸ்க் பிடிக்கும் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பார்கள்; இடைவெளி எவ்வளவு என்று யாரும் போடுவதில்லை. இரண்டு இடத்தில் மூன்று டிஸ்க் பிடிக்கும் கூண்டு பார்க்க அடக்கமாக இருக்கும். ஆனால் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், ஒன்றரை மி.மீ. கூட மிஞ்சாது. மூன்றிலும் மோசமானது அதுதான்.

ஃபேனும் ஒரு காரணம். நான்கு பிடிக்கும் எளிய கூண்டுகளில் பெரும்பாலும் 120 மி.மீ. ஃபேன் முன்னாலேயே இருக்கும், நேராக டிஸ்க் மேல் ஊதும். ஐந்து பிடிக்கும் ஹாட்-ஸ்வாப் (சர்வரை அணைக்காமலே டிஸ்க் மாற்றும்) கூண்டுகளில் 80 அல்லது 92 மி.மீ. ஃபேன் பின்னால் இருந்துகொண்டு, டிஸ்க்குகள் போய்ச் செருகும் பேக்பிளேன் பலகையில் உள்ள ஓட்டைகள் வழியாகக் காற்றை இழுக்க வேண்டும். சின்ன ஃபேன், வழியில் தடை. அதனால் வேகமாகச் சுற்றும், சத்தமும் வரும். ஐந்தாவது டிஸ்க் உண்மையாகவே தேவை என்றால் ஒழிய நான்கோடு நில்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? ஒரு டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, கூண்டின் முன்பக்கத்தில் டிஸ்க்குகளுக்கு நடுவே பிடித்துப் பாருங்கள். ஃபேன் பின்னால் இருக்கும் கூண்டில் அது உள்ளே இழுபட வேண்டும். சும்மா தொங்கினால் காற்று வேறு எங்கோ சந்து கண்டுபிடித்துப் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி: என் டிஸ்க்குகள் 43 டிகிரியில் ஓடுகின்றன. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். தயாரிப்பாளர்கள் போடும் உச்ச வரம்பு பொதுவாக 60 அல்லது 65 டிகிரி. கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்துவிட்டு, மிதமான வெப்பத்துக்கும் டிஸ்க் சாவதற்கும் நாம் நினைக்கும் அளவு தொடர்பில்லை என்றே சொன்னார்கள். நான் 45-க்குக் கீழே வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். ஆனால் சும்மா இருக்கும்போது பார்க்காதீர்கள். ரெய்டு (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஓட்டும் முறை) சரிபார்ப்பு ஓடி மூன்று மணி நேரம் ஆனபின், டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் பட்டியலில் 194-ஆம் எண்ணை, அதாவது வெப்பநிலையை, பாருங்கள். ஓரத்து டிஸ்க்கைவிட நடு டிஸ்க் ஏழெட்டு டிகிரி கூட இருந்தால், கோளாறு கூண்டில்தான்.

கேள்வி: கூண்டு பாதி தூரம் போய் மாட்டிக்கொள்கிறது. அளவு தவறா?

அளவு சரிதான். சிடி டிரைவைத் தாங்குவதற்காகக் கேபினெட்டின் உள்சுவரில் சின்னத் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். தனித்தனி டிரைவுக்கு அவை உதவி, மூன்று இடத்தை அடைக்கும் கூண்டுக்கு இடைஞ்சல். குறடால் சுவரோடு சுவராக மடக்கிவிடுங்கள். அரம் வைத்து ராவுவதாக இருந்தால் மதர்போர்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு ராவுங்கள். இரும்புத்தூள் அதன்மேல் விழுந்தால் வேறு கதை ஆகிவிடும். அப்புறம், ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். கூண்டுக்குப் பின்னால் கேபிள் வளைய இடம் வேண்டும். பல கேபினெட்டுகளில் அங்கேதான் மதர்போர்டின் விளிம்பு இருக்கும்.

கேள்வி: ஐந்து டிஸ்க் கூண்டின் பின்னால் இரண்டு மோலெக்ஸ் (பழைய நான்கு பின் பவர் இணைப்பு) சாக்கெட் இருக்கின்றன. என் பவர் சப்ளையில் மோலெக்ஸ் இல்லை. சாட்டா பவரிலிருந்து (இப்போதைய டிஸ்க்குகளுக்கான தட்டை இணைப்பு) மோலெக்ஸாக மாற்றும் அடாப்டர் ஒன்றைப் போட்டு, அதையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலையாவது கவனமாகப் படியுங்கள்.

டிஸ்க் சுழலத் தொடங்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட் கம்பியில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். ஐந்தும் ஒன்றாகக் கிளம்பினால் 10 ஆம்பியர். சாட்டா பவர் இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர், ஆக மொத்தம் தாங்குவது 4.5. அந்தச் சந்தில் பத்தைத் தள்ளப் பார்க்கிறீர்கள்.

நானும் இதே தவறைச் செய்தவன்தான். அடாப்டர் பல மாதம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சர்வரை மறுபடி இயக்கியபோது பிளாஸ்டிக் சூடேறும் வாடை. கழற்றிப் பார்த்தால் வெள்ளை இணைப்பியின் ஒரு மூலை பழுப்பேறி, லேசாக உருகிச் சாய்ந்திருந்தது. டிஸ்க்குகள் தப்பியது அதிர்ஷ்டம்.

சாட்டா அடாப்டரைக் கூண்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள். பவர் சப்ளை மாடுலர் வகை (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால், அதே மாடலுக்கென்று தயாரிப்பாளர் தரும் மோலெக்ஸ் கேபிள் இரண்டு வாங்கி, சாக்கெட்டுக்கு ஒன்றாக மாட்டுங்கள். வேறு மாடலின் கேபிள் துளையில் சரியாக உட்கார்ந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம். டிஸ்க் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். கன்ட்ரோலரில் டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பும் வசதி இருந்தால் அதையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: வெளிப்புற யுஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க், சாட்டா பவரில் சுழலவே மாட்டேன் என்கிறது. நண்பரின் கூண்டில் போட்டால் ஓடுகிறது. எப்படி?

புதிய சாட்டா விதிமுறையில் மூன்றாவது பவர் பின்னில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். பழைய முறைப்படி பவர் சப்ளை அங்கே 3.3 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நண்பரின் கூண்டு மோலெக்ஸில் ஓடுவதாக இருக்கும். மோலெக்ஸில் 5, 12 வோல்ட் மட்டும்தான் உண்டு. அந்தப் பின்னைக் காப்டான் டேப்பால் (மின்சாரம் கடத்தாத மெல்லிய டேப்) மூடினால் உங்கள் வீட்டிலும் ஓடும்.

கேள்வி: வீட்டுக்கு ஹாட்-ஸ்வாப் அவசியமா?

அவசியம் இல்லை. வருடத்துக்கு ஒரு டிஸ்க் மாற்றப் போகிறீர்களா? சர்வரை அணைத்துவிட்டு மாற்றினால் போதும். பேக்பிளேன் என்பது பழுதாகக் கூடிய இன்னொரு பொருளும்கூட. ஸ்மார்ட் பட்டியலில் 199-ஆம் எண், அதாவது தரவு வழியில் கெட்டுப்போவதைக் காட்டும் சிஆர்சி பிழை, ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள். முதல் சந்தேகம் கேபிள், அடுத்தது பேக்பிளேன்.

ஹாட்-ஸ்வாப் இருந்தால் வேறொரு ஆபத்தும் உண்டு, அது நம் கை. நான்கு டிஸ்க் ரெய்டு 5-இல் எனக்கு ஒன்று செத்தது. மென்பொருள் 2 என்றது. மேலிருந்து எண்ணி இரண்டாவதை இழுத்தேன். மென்பொருள் பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பது, நல்ல டிஸ்க் கையில் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ரெய்டு 5 ஒரு டிஸ்க் போனால்தான் தாங்கும்; இரண்டு போனதால் மொத்தமும் நின்றுவிட்டது. திரும்ப எழுப்ப விடியும்வரை ஆனது. இப்போது ஒவ்வொரு ட்ரேயின் முகத்திலும் டிஸ்க்கின் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தை ஒட்டிவைத்திருக்கிறேன். சீரியலைப் பார்க்காமல் எதையும் இழுப்பதில்லை.

கேள்வி: பெரிய டிஸ்க் வாங்கினேன், கூண்டின் நடுத் திருகுக்கு ஓட்டையே இல்லை. போலியா?

போலி இல்லை. அதிகக் கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் பக்கவாட்டு நடு ஓட்டையை எடுத்துவிட்டார்கள். அடிப்பக்க ஓட்டைகளும் இடம் மாறியிருக்கலாம். முன், பின் ஓட்டைகளில் இறுக்கினால் போதும். நடு ஓட்டையை நம்பிச் செய்த திருகில்லா ட்ரே என்றால் டிஸ்க் ஆடும், அதை விட்டுவிடுங்கள். ஆட்டத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம்: 2008-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக், டிஸ்க் அடுக்கைப் பார்த்துக் கத்தியே அதன் வேகம் குறைவதை வரைபடத்தில் காட்டினார்!

கேள்வி: கூண்டில் எஸ்எஃப்எஃப்-8087 (நான்கு டிஸ்க்குக்கான இணைப்பு ஒன்றாக வரும்) சாக்கெட் ஒன்றே இருக்கிறது. மதர்போர்டில் நான்கு சாட்டா. கேபிள் மாட்டியும் டிஸ்க் தெரியவில்லை.

நீங்கள் வாங்கியது கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ஃபார்வர்ட் கேபிளாக இருக்கும். உங்களுக்கு வேண்டியது மதர்போர்டின் நான்கு சாட்டாவிலிருந்து கூண்டின் ஒரே சாக்கெட்டுக்குப் போகும் ரிவர்ஸ் பிரேக்அவுட். பார்க்க இரண்டும் அச்சு அசல் ஒன்றுதான். மாற்றி வாங்குங்கள்.