நோர்வே பள்ளியில் கணிதம் எங்கே? புதிதாக வந்த ஒரு தாய்க்குப் பதில்

தங்கச்சி, நாலாம் வகுப்பில் சேர்ந்த மகனின் பையில் புத்தகமே இல்லை, வாரத்தில் ஒருநாள் முழுக்கக் காட்டுக்குள் நின்றுவிட்டு வருகிறான், கணிதம் எப்போதுதான் படிப்பிக்கிறார்கள், ரியூசனுக்கு விடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒஸ்லோவுக்கு வருகிற பெற்றோர் அநேகமாக எல்லாரும் கேட்பதுதான்.

கணிதத்துக்குத் தனி நேரம் இருக்கிறது. ஆனால் மற்றப் பாடங்களுக்குள்ளும் அது கலந்து வரும். ஊரில் ஆரம்ப வகுப்புகளில் ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்று பல விஷயங்களையும் சேர்த்துப் படித்திருப்பானே, அந்த முறையை எல்லாப் பாடங்களுக்கும் விரித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை மட்டும் கிடையாது. ஏழாம் வகுப்புவரை புள்ளியும் இல்லை.

இது புதுப் பரிசோதனையும் இல்லை. 1997ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்திலேயே சின்ன வகுப்புகளில் 60 வீத நேரத்தைக் கருப்பொருள் முறையில், அதாவது ஒரு தலைப்பைச் சுற்றிப் பல பாடங்களையும் சேர்த்து, நடத்தச் சொன்னார்கள். 2006இல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, எண், டிஜிட்டல் ஆகிய ஐந்து திறன்களும் எல்லாப் பாடங்களுக்கும் பொது என்று வைத்தார்கள். இப்போது நடப்பது 2020இல் வந்த திட்டம். உடல்நலமும் வாழ்க்கைத் திறனும், சனநாயகமும் குடியுரிமையும், நிலைபேறான அபிவிருத்தி என்ற மூன்று தலைப்புகள் பல பாடங்களுக்குள்ளும் ஓடும்.

என் மகளின் வகுப்பில் ஒருமுறை வடநோர்வேயின் லொபோத்தன் தீவுகளில் பிடிக்கும் மீனைக் கருப்பொருளாக எடுத்தார்கள். குளிர்காலத்தில் கொட் மீன் பாரன்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட அந்தத் தீவுப் பக்கம் வரும். ஏன் வருகிறது என்பது விஞ்ஞானம். மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைத்தால் ஐந்து கிலோ மீன் கிட்டத்தட்ட ஒரு கிலோவாகிவிடும். அங்கே பின்னமும் வீதமும் வந்துவிட்டன. காய்ந்த மீன் பேர்கன் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போன கதை சமூகக்கல்வி. கடைசியில் ஆளுக்கொரு தகவல் கட்டுரை, அது மொழிப்பாடம். அவள் வீட்டுக்கு வந்து கருவாட்டைப் பற்றிக் கேட்டாள். நாங்கள் உப்புப் போட்டு வெயிலில் காயவைக்கிறோம், இவர்கள் உப்பே இல்லாமல் குளிர்காற்றில் விடுகிறார்கள், பிறகேன் இரண்டும் பழுதாவதில்லை என்று. அம்மம்மாவிடம் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொண்டு போனாள். அந்தக் கேள்விக்குப் பதில் தேட உப்பு, ஈரம், கிருமி, காலநிலை எல்லாம் வேண்டியிருந்தது. ஒரு நல்ல கேள்வியைச் சுற்றிப் பாடங்கள் சேர்ந்தால் இந்த முறைக்கு நிகரில்லை என்பேன்.

எல்லா ஆசிரியரும் அப்படிச் செய்வதில்லை. மீன் படத்துக்கு நிறம் தீட்டி, நாலு மீனை எண்ணி, ஒரு மீன் பாட்டுப் பாடிவிட்டு முடிக்கிறவர்களும் உண்டு. அதோடு, வாய்ப்பாடு காட்டுக்குள் நடந்து தானாக ஏறாது. அதை வீட்டில் தினமும் பத்து நிமிடம் நீங்களே கேளுங்கள், அது போதும்.

உங்கள் மகனுக்கு இப்போது பெரிய தடை மொழிதான். தனிக்கணக்கை நோர்வேஜியம் தெரியாமலும் செய்துவிடுவான். கருப்பொருள் வேலை முழுக்கப் பேச்சும் வாசிப்பும். கணக்கில் கெட்டிக்காரனாக இருந்தாலும் வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பான், ஆசிரியர் கணக்கே தெரியாது என்று நினைத்துவிடுவார். அதனால் வாரத் திட்டம் வந்தவுடன் அந்த வாரத் தலைப்பைப் பாருங்கள். நீர் என்றால் மழை, கிணறு, ஆவியாதல் எல்லாவற்றையும் தமிழில் முதலே கதைத்துவிடுங்கள். விஷயம் தெரிந்த பிள்ளைக்குப் புதுச் சொல் சீக்கிரம் பிடிபடும். மொழி போதாத பிள்ளைகளுக்கு மேலதிக நோர்வேஜியப் பாடம் பெறச் சட்டப்படி உரிமை இருக்கிறது, பள்ளியிடம் கேட்டு வாங்குங்கள். ரியூசன் காசை இப்போதைக்கு வைத்திருங்கள்.

வழக்கமாக வருடத்தில் இரண்டு முறை வகுப்பாசிரியரோடு தனிச் சந்திப்பு இருக்கும். அங்கே ‘எத்தனையாம் பக்கத்தில் நிற்கிறீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ‘போன மாதக் கருப்பொருளில் கணித இலக்கு என்ன, என் மகன் அதை எட்டினானா’ என்று கேளுங்கள். இங்கே கணிதத்துக்கு இரண்டாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு வருடத்துக்கும் தனி இலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள், ஆசிரியர் எடுத்துக் காட்டவேண்டும். மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் முன்கூட்டியே பள்ளிக்கு எழுதிவிடுங்கள், காசு பள்ளியே கொடுக்கும். மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பொதுவாகச் சட்டமும் அதை விடாது.