நல்ல இடமாம்!

கேள்வி: என் அக்கா மகளுக்குப் பதினாறு வயது. ப்ளஸ் ஒன் முடித்திருக்கிறாள். நல்ல இடம் வந்திருக்கிறது, விடக்கூடாது என்கிறார்கள். பேச்சு ஆரம்பித்ததிலிருந்து பிள்ளை யாரிடமும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. 'கல்யாணம் ஆனால் தெளிந்துவிடுவாள்' என்கிறார் அக்கா. இங்கே செய்தால்தானே பிரச்சினை, எல்லை தாண்டி ஆந்திராவில் குப்பம் பக்கம் ஒரு கோயிலில் முடித்துவிடலாம் என்றும் யோசனை. உங்கள் கருத்து?
(ஒரு வாசகர், பாலக்கோடு)

பதில்: 'நல்ல இடம்' என்றதும் எனக்கு மாப்பிள்ளை ஞாபகம் வரவில்லை, ப்ளாட் புரோக்கர்தான் வந்தார். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். வழியெல்லாம் நல்ல இடம்தான். மாந்தோப்பை வெட்டிச் சமமாக்கி, கலர் கொடி நட்டு, ஏதாவது ஒரு சாமி பேரில் நகர் என்று வளைவு கட்டியிருப்பார்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம் என்று போட்டிருக்கும், ஹெலிகாப்டரிலா என்று போட்டிருக்காது. இப்படியே போனால் மாம்பழ ஊர்க்காரன் ஊறுகாய்க்குக் காய் வாங்கச் சேலம் போக வேண்டியதுதான். இதை நான் பலமுறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

ஆனால் அந்த ரெண்டு சென்ட் நிலத்தை வாங்க நம் ஆள் படும் பாட்டைப் பாருங்கள். மூலப்பத்திரம் கேட்கிறார். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். பட்டா யார் பேரில், வழி எத்தனை அடி, ஏரிப் புறம்போக்கா என்று விசாரிக்கிறார். சர்வேயரைக் கூட்டிவந்து கல் நடுகிறார். அட்வான்ஸ் கொடுத்த பிறகும் ராத்திரி தூங்குவதில்லை. பெண்ணைக் கொடுக்கும் இடத்துக்கு மட்டும், 'பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலையாம், குடிக்க மாட்டானாம்' என்றால் போதும். முகூர்த்த நாள் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள்.

சரி, வில்லங்கத்தை நானே போட்டுத் தருகிறேன். குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006. இது மத்தியச் சட்டம். ஆந்திரத்துக் குப்பத்திலும் இதேதான், கர்நாடகத்து மாலூரிலும் இதேதான். மாப்பிள்ளை 18 தாண்டியவர் என்றால் அவருக்கும், நடத்தி வைக்கிற ஐயருக்கும், முன்நின்ற பெற்றோருக்கும் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பெண்களைச் சிறைக்கு அனுப்ப மாட்டார்கள், ஆகவே அக்கா வீட்டில் இருப்பார், மச்சான்தான் உள்ளே போவார். பெண் விரும்பினால் இருபது வயது நிரம்புவதற்குள் கோர்ட்டுக்குப் போய் அந்தக் கல்யாணத்தையே செல்லாது என்று ஆக்கிவிடலாம். 2017 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, 18 நிரம்பாத மனைவியோடு கணவன் உறவு கொண்டாலும் அது பாலியல் வன்கொடுமைதான். தாலி கட்டிவிட்டோம் என்ற சமாதானம் எடுபடாது.

அப்புறம், 'கல்யாணம் ஆனால் தெளிந்துவிடுவாள்'. குடிக்கிற பையனுக்கும் இதையே சொல்கிறார்கள், வேலைக்குப் போகாதவனுக்கும் இதையே சொல்கிறார்கள், பேய் பிடித்த பெண்ணுக்கும் இதையே சொல்கிறார்கள். தெளிந்த ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. கல்யாணப் பேச்சு ஆரம்பித்த அன்றைக்குத்தானே அவள் வாயை மூடினாள்? நாளைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, கூடப் படித்த பிள்ளைகளும் இல்லை, போனும் யார் கையிலோ. தெரியாத வீட்டில் நாலு பெரியவர்கள் நடுவே, 'இன்னும் விசேஷம் இல்லையா' என்ற கேள்வியோடு உட்கார வேண்டும். மனநோய்களில் ஏறத்தாழப் பாதி பதினாலு வயதுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாப்பிடாமல், பேசாமல் இருக்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு டாக்டர்தான் வேண்டும், நாதஸ்வரம் இல்லை.

இன்னொன்று. நீங்கள் தாய்மாமன். இவள் வயசுக்கு வந்தபோது பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிளக்ஸ் வைத்தீர்களா? பன்னிரண்டு வயதுக் குழந்தை பெரியவளான செய்தியை 44-ஆம் நம்பர் தேசிய நெடுஞ்சாலையில் போகிற லாரிக்கெல்லாம் அறிவிக்கிறோம். கீழே மீசையோடு தாய்மாமன் படம், குழந்தையை விடப் பெரிதாக! தரகர்களுக்கு அதைவிட விளம்பரம் வேண்டுமா? இதை எழுதி எழுதியே எங்கள் ஊர் பிளக்ஸ் கடைக்காரர்கள் எனக்கு வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அந்த மீசைக்கு ஒரு மரியாதை உண்டு. மாமன் சீர் வராமல் உங்கள் பக்கம் கல்யாணம் நடக்காது. 'சீர் கொண்டுவர மாட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். பிள்ளையைத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அதுவரை யாரிடமாவது பேசவேண்டும் என்றால் மனநல உதவி எண் 14416, இலவசம். மீறி நாள் குறித்தால் குழந்தைகள் உதவி எண் 1098. ஆறிலிருந்து ப்ளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தால், கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், அதையும் மச்சான் காதில் போடுங்கள். அக்கா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். தீபாவளிக்குள் பேசிவிடுவார்.