தினமும் ஒரு பைபிள் வசனம் வாசிப்பது அன்றாட வாழ்க்கையில் எதையாவது மாற்றுமா?

கேள்வி: என் அம்மா தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு வேத வசனமும் சின்ன தியானமும் அனுப்புகிறார். வாசிக்கும்போது நன்றாக இருக்கிறது. பத்து மணிக்கு அலுவலகம் போனதும் மறந்துவிடுகிறது. யாராவது உண்மையிலேயே வசனத்தை அன்றாட வாழ்க்கையில் பயன்படுத்துகிறீர்களா? எப்படி?

பதில்:

பயன்படுத்துகிறேன். ஆனால் அம்மாக்கள் அனுப்புகிற வசனங்களை மட்டும் நம்பியிருந்தால் எனக்கும் பத்து மணிக்கு மறந்துதான் போகும்.

எங்களுக்குத் திருச்செந்தூர் பக்கம் மளிகைக் கடை. அப்பா காலத்துக் கடை, இப்போது நான் பார்க்கிறேன். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம் என்பதால் வசனத்துக்குப் பஞ்சமே கிடையாது. டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வரிசையில் நின்று எடுத்த வாக்குத்தத்த அட்டை, அதாவது புது வருஷத்துக்கான வசனம் அச்சிட்ட அட்டை, கல்லாவுக்கு மேலே ஒட்டியிருக்கும். காலண்டரில் தாளுக்கு ஒன்று. விடிந்தால் போனில் பத்துப் பன்னிரண்டு. இவற்றில் முக்கால்வாசி ஒரே ரகம்: "பயப்படாதே", "உன்னை ஆசீர்வதிப்பேன்", "வாலாக்காமல் தலையாக்குவார்". தப்பென்று சொல்லமாட்டேன், மனுஷனுக்குத் தெம்பு வேண்டும்தான். ஆனால் அந்த வசனங்கள் நம்மிடம் எதையும் கேட்பதில்லை. எதையும் கேட்காத ஒன்று பத்து மணிக்கு மறந்துபோவதில் என்ன ஆச்சரியம்? நம்மைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்கிற வசனங்களும் அதே வேதத்தில் கொட்டிக்கிடக்கின்றன. அவற்றை யாரும் ரோஜாப்பூப் படத்தின்மேல் அச்சடிப்பதில்லை. அன்றாடத்துக்கு உதவுவது அவைதான் என்பது என் கட்சி.

நீதிமொழிகள் 11:1 பாருங்கள். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சுமுத்திரையான நிறைகல் என்றால் சரியான எடைக்கல். இது வாக்குத்தத்த அட்டையில் வந்து யாரும் எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்போதுதான் எலக்ட்ரானிக் தராசு வந்துவிட்டதே, இனி ஏது கள்ளத்தராசு என்பீர்கள். தராசு ஒழுங்காகத்தான் காட்டும். முந்திரிப் பருப்பை அட்டைப்பெட்டியில் போட்டு மொத்தமாக நிறுத்துக் கொடுத்தால், பெட்டியின் எடையும் முந்திரி விலைக்குப் போய்விடும். பெட்டி 40 கிராம், முந்திரி கிலோ 900 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறும் அட்டைக்கு 36 ரூபாய். எல்லாம் வாங்குகிறவர் கண்ணெதிரே நடக்கும், எண்ணும் சிவப்பில் பளிச்சென்று எரியும், ஒருத்தரும் கேட்கமாட்டார். எங்கள் கடையில் காலிப் பெட்டியை முதலில் தராசில் வைத்து, 'டேர்' பொத்தானை அழுத்தி, பூஜ்யம் வந்தபிறகுதான் பருப்பைக் கொட்ட வேண்டும். அப்பா போட்ட சட்டம். புதிதாக வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல்நாள் பாடமே அதுதான். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை, அதனால் வசனமெல்லாம் சொல்வதில்லை. பொத்தானைக் காட்டுவோம்.

கருப்பட்டியிலும் இதே கதை. உடன்குடிக் கருப்பட்டிக்கு ஊர் உலகமெல்லாம் பேர். பேர் இருக்கிற இடத்தில் சீனி கலந்த சரக்கும் அதே பேரில் வரும். வெறும் பதநீரைக் காய்ச்சியதற்கும் சீனி சேர்த்ததற்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. நாங்கள் இரண்டையும் வைத்திருக்கிறோம், தனித்தனியாக, தனித்தனி விலையில். கேட்காதவர்களிடமும் "அக்கா, இது சீனி சேர்த்தது" என்று சொல்லிவிடுவோம். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள், அதே சரக்கை அங்கே 'ஒரிஜினல்' என்று வாங்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே திரும்பிப் போவார்கள். வசனப்படி நடந்தால் வியாபாரம் பெருகும் என்று பிரசங்கத்தில் அடித்துச் சொல்கிறவர்கள் ஒருநாள் எங்கள் கல்லாவில் உட்கார்ந்து பார்க்கலாம். பெருகாமலும் போகும். 11:1 அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குப் பிரியம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

(பேரம் பேசுகிறவர்களுக்கும் அதே புத்தகத்தில் ஒன்று உண்டு, 20:14: "கொள்ளுகிறவன்: நல்லதல்ல, நல்லதல்ல என்பான், போய்விட்டபின்போ மெச்சிக்கொள்ளுவான்." வாடிக்கையாளர் வாழைத்தாரைப் புரட்டிப் புரட்டிக் குறை சொல்லும்போது இதை நினைத்துக்கொண்டால் கோபம் வராது, சிரிப்புதான் வரும்.)

கூலி விஷயம் இன்னும் நேரடி. "கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலம்மட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது", லேவியராகமம் 19:13. லேவியராகமம் என்றாலே பலிகளும் தோல்வியாதிச் சட்டங்களும் என்று புரட்டித் தள்ளிவிடுவோம். நடுவில் இப்படி ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது. எங்கள் கடைக்கு லாரியில் சரக்கு வந்தால் மூட்டை இறக்குகிறவர்கள் வருவார்கள். "அண்ணாச்சி, சில்லறை இல்லை, நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கிடுங்க" என்று சொல்வது கடைத்தெருவில் சர்வசாதாரணம். எங்களுக்கு அது ஒருநாள் தள்ளிப்போகிற கணக்கு. அவர்களுக்கு அது அன்றைக்கு ராத்திரி அரிசி. அந்தக் காசில் அரிசி வாங்க அவர்கள் வருவதும் எங்கள் கடைக்குத்தான் என்பது வேறு விஷயம். யாக்கோபின் நிருபம் 5:4 ஒருபடி மேலே போய், பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடுகிறது என்கிறது. இதைப் புத்தாண்டு வாழ்த்தாக அனுப்பினால் எத்தனை பேர் குழுவைவிட்டு வெளியேறுவார்கள் என்று பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இனி, அம்மா அனுப்பும் வசனங்களுக்கு வருகிறேன். அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. அதைச் சொன்னது யார், யாரிடம், எப்போது என்று ஒரு நிமிஷம் புரட்டிப் பாருங்கள், அவ்வளவுதான்.

நம் பக்கம் கடைத்திறப்பு அழைப்பிதழ், ஆட்டோ முதுகு, புதுவீட்டு நிலைவாசல் என்று எங்கும் காணும் வசனம் ஒன்று: "உன் துவக்கம் அற்பமாயிருந்தாலும், உன் முடிவு சம்பூரணமாயிருக்கும்." யோபு 8:7. கடவுள் தரும் வாக்குறுதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். புரட்டிப் பார்த்தால் சொன்னவன் பில்தாத், யோபுவின் சிநேகிதன். சொன்ன இடம் எது தெரியுமா? பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்துவிட்டுச் சாம்பலில் உட்கார்ந்திருக்கிற தகப்பன் முன்னால். அதற்கு மூன்று வசனம் முன்னால், 8:4இல், உம்முடைய பிள்ளைகள் பாவம் செய்திருப்பார்கள், அதற்கான பலனைத்தான் அனுபவித்தார்கள் என்கிற தோரணையில் பேசுகிறான். நீர் சுத்தமாய் இருந்தால் எல்லாம் சரியாகும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும் என்பது அந்தப் பேச்சின் தொடர்ச்சி. புத்தகத்தின் கடைசியில், 42ஆம் அதிகாரத்தில், கர்த்தர் யோபுவின் இன்னொரு சிநேகிதனான எலிப்பாசிடம் உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் என்கிறார். என்னைப் பற்றி நீங்கள் சரியாகப் பேசவில்லை என்று சொல்லிவிடுகிறார். அந்த இருவரில் ஒருவன்தான் பில்தாத்.

வேடிக்கை என்னவென்றால், யோபுவின் முடிவு நிஜமாகவே முந்தினதைவிட நன்றாகத்தான் அமைந்தது. ஆகவே ஆட்டோவில் எழுதியிருப்பதை யாரும் அழிக்க வேண்டாம். ஆனால் முழு அதிகாரத்தையும் வாசித்தவன் துக்க வீட்டில் வாயைத் திறக்கும்முன் யோசிப்பான். "என்ன பாவமோ", "ஆண்டவர் சித்தம்", "இன்னொரு பிள்ளையைத் தருவார்" என்று எழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் எல்லாரும் பில்தாதின் பேரப்பிள்ளைகள். அந்த மூன்று நண்பர்கள் செய்த உருப்படியான காரியம் யோபு 2:13இல் இருக்கிறது: ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டாம் நாளும் அப்படியே இருந்திருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு சின்னப் பிள்ளை தவறியபோது நான் செய்தது அதுதான். போனேன், பந்தலுக்குக் கீழே நாற்காலி எடுத்துப் போட்டேன், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். வசனம் சொல்லவில்லை. பைபிள் படித்ததால்தான் சொல்லவில்லை.

இன்னொரு பிரபல வசனம் எரேமியா 29:11. "...அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." பிளஸ் டூ ரிசல்ட், விசா, வேலை இன்டர்வியூ என்று எல்லாவற்றுக்கும் இதுதான். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதம் அது. அதற்கு முந்தைய வசனமே, எழுபது வருஷம் ஆகும் என்கிறது! கடிதத்தைக் கையில் வாங்கிய பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருக்க முடியும்? முந்தைய அதிகாரத்தில் அனனியா என்ற ஒருவர் இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொல்லியிருந்தார். அது பொய் என்று அங்கேயே இருக்கிறது. அப்படியானால் எழுபது வருஷமும் என்ன செய்வது? அதற்கான பதில் ஐந்தாம், ஏழாம் வசனங்களில்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். துபாயில் எட்டுப் பேர் ஒரே அறையில் கிடந்து, "எப்போது ஊருக்குத் திரும்புவோம்" என்று நாளெண்ணுகிற நம் பிள்ளைகளுக்கு 29:11ஐவிட 29:5 அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். என் தம்பியிடம் சொன்னேன். இப்போது அறை மாடியில் பெயின்ட் டப்பாவில் கறிவேப்பிலையும் தக்காளியும் வளர்க்கிறான். விசா விவகாரம் அப்படியே இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது.

தினம் ஒரு வசனம் என்ற பழக்கத்தைக் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொராவிய சபையார் (ஒரு புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவினர்) 1728இல் இதைத் தொடங்கினார்கள். அன்றைய வசனத்தை ஒருவர் வீடு வீடாகப் போய்ச் சொல்வார். 1731 முதல் வருஷா வருஷம் அச்சாகிறது. பழைய ஏற்பாட்டு வசனத்தை இன்றைக்கும் சீட்டுப் போட்டுத்தான் எடுக்கிறார்கள். அந்த ஆரம்ப கால ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, வசனத்தோடு ஒரு ஆள் வாசலுக்கு வந்து நிற்பது. வந்தவர் வீட்டில் யாருக்குக் காய்ச்சல், எங்கே சண்டை என்பதையும் பார்த்திருப்பார் இல்லையா? போனில் ஃபார்வர்டு செய்வதில் அது போய்விட்டது. அம்மா வசனம் அனுப்பியதும் ஒரு 'ஆமென்' ஸ்டிக்கர் போடுவதற்குப் பதிலாகக் கூப்பிட்டு, "ஏம்மா இன்னிக்கு இதை அனுப்பின?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது காரணம் இருக்கும்.

சரி, அலுவலகத்தில் என்ன செய்வது? உங்கள் வேலையில் நிச்சயம் நடக்கப்போகிற ஒன்றைத் தொடுகிற வசனமாகப் பார்த்து எடுங்கள். நீதிமொழிகள் 18:13: "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்." மீட்டிங் உள்ள நாளுக்கு இது போதும். நாலு வசனம் தள்ளி 18:17: "தன் வழக்கிலே முதல் பேசுகிறவன் நீதிமான்போல் காணப்படுவான், அவன் அயலானோ வந்து அவனைப் பரிசோதிக்கிறான்." கடையில் இரண்டு பையன்களுக்குள் தகராறு என்றால் முதலில் ஓடிவந்து சொல்கிறவன் கதை எப்போதும் கச்சிதமாக இருக்கும். இரண்டாமவனைக் கூப்பிடாமல் நான் தீர்ப்புச் சொல்வதில்லை. இதற்குப் பக்தி தேவையில்லை, பொறுமை தேவை.

வீட்டுக்கு எபேசியர் 4:26, சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது. கடை அடைக்கவே பத்து மணியாகிறது, சூரியன் போய் நாலு மணிநேரம். சாப்பிட உட்காருவதற்குள் பேசி முடித்துவிட வேண்டும் என்று நானும் மனைவியும் வைத்திருக்கிறோம். சில நாள் சோறு ஆறிப்போகும்.

எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், நீதிமொழிகளில் 31 அதிகாரம் இருப்பது வசதி. என்ன தேதியோ அந்த அதிகாரம், பத்து நிமிஷம்கூட ஆகாது. எல்லாவற்றையும் தியானிக்க வேண்டாம், எந்த வரி குத்துகிறதோ அங்கே நின்றுவிடலாம். 27ஆம் தேதி வந்தால் 14ஆம் வசனத்தைக் குடும்பக் குழுவுக்கு அனுப்பிப் பாருங்கள்: "ஒருவன் அதிகாலையிலே எழுந்து உரத்த சத்தத்தோடே தன் சிநேகிதனுக்குச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும்." அம்மா கோபித்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

31ஆம் தேதி மட்டும் ஒரு கவனம். கல்யாண வீடுகளில் கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் அந்த அதிகாரம் பத்தாம் வசனத்தில், "குணசாலியான ஸ்திரீ"யில்தான் ஆரம்பிக்கிறது. முதல் ஒன்பது வசனங்களையும் வாசியுங்கள். லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் சொன்ன புத்திமதி அது. ராஜாக்களுக்குக் குடி வேண்டாம், குடித்தால் சிறுமைப்பட்டவர்களுடைய நியாயம் புரண்டுபோகும் என்று மகனைக் கண்டிக்கிறாள். பிறகு எட்டாம் வசனத்தில், "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்கிறாள். இதற்கெல்லாம் பிறகுதான் பெண் பார்க்கும் பேச்சே வருகிறது.