18 அடி உயரத்தில் தொங்கும் விளக்கை நாமே மாற்றலாமா?

டூப்ளெக்ஸ் வீடு, ஹால் கூரை 18 அடி, நடுவில் தொங்கும் விளக்கில் பல்பு போய்விட்டது, டைனிங் டேபிள் மேல் நாற்காலி போட்டு ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வேண்டாம். எங்கள் வீடும் இதே அமைப்புதான், நானும் ஒருமுறை அப்படி ஏறினேன். கீழே என் மனைவி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு திட்டிய திட்டில் பாதியிலேயே இறங்கிவிட்டேன்.

ஆனால் எனக்கு உண்மையில் ஆபத்து வந்தது உயரத்தால் அல்ல, இன்வெர்ட்டரால். அடுத்த முறை ஒழுங்காக ஏணி வாங்கி வந்து, மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஏறினேன். ஹோல்டரும் பழுதாகியிருந்ததால் வயரில் கை வைத்தேன். சுரீர் என்று இழுத்தது. மெயினை ஆஃப் செய்தால் இன்வெர்ட்டருக்கு அது கரண்ட் கட் மாதிரிதான். உடனே அது விளக்கு லைனுக்குக் கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். எரியாத பல்பு என்பதால் மேலே இருந்தவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஷாக் சின்னதுதான். ஆனால் ஏணி உச்சியில் கை உதறினால் என்ன ஆகும்? நல்லவேளை, இன்னொரு கையால் ஏணியைப் பிடித்திருந்தேன். பிறகு வந்த எலக்ட்ரீஷியன் அண்ணன், "மெயினை மட்டும் ஆஃப் பண்ணா எப்படி தம்பி, இன்வெர்ட்டரை யார் ஆஃப் பண்ணுவா?" என்று சிரித்தார்.

அதனால் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். சுவர் சுவிட்சை மட்டும் நம்பாதீர்கள். பழைய வயரிங்கில் சில இடங்களில் சுவிட்சை, கரண்ட் வரும் பேஸ் வயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருப்பார்கள். சுவிட்ச் ஆஃப் ஆனாலும் ஹோல்டரில் 230 வோல்ட் காத்திருக்கும். வேலையைப் பகலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், ஹாலில் வெளிச்சம் வேண்டுமே.

இனி ஏணி. ஹால் நடுவில் சாய்க்கச் சுவர் கிடையாது, ஆகவே ஏ டைப் ஏணிதான். விளக்கு 2 அடி தொங்கினால் பல்பு 16 அடியில் இருக்கும். கையைத் தலைக்குக் கொஞ்சம் மேலே வைத்து வேலை செய்ய, கால் 10 அடியில் நிற்க வேண்டும். மேல் தட்டிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது என்பதால் 12 அடி ஏணி தேவை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேண்டியிருக்கும் பொருளை வாங்கி எங்கே வைப்பது? பெயின்டரிடமோ பந்தல் கடையிலோ வாடகைக்குக் கேளுங்கள். அலுமினியத்தைவிட ஃபைபர் ஏணி நல்லது, கரண்ட் பாயாது. காலில் உள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் டைல்ஸில் வழுக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். எட்டவில்லை என்றால் சாயாமல் இறங்கி ஏணியை நகர்த்துங்கள். அப்புறம், லுங்கியோடு ஏறாதீர்கள்.

நீளக் கம்பு முனையில் உறிஞ்சும் கப் வைத்த பல்பு கழற்றி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது திருகு பல்புக்கு நன்றாக வேலை செய்கிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் பின் வைத்த பி 22 பல்பு. அதை மேலே அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். 10 அடிக் கம்பின் நுனியில் அந்த வித்தை எனக்குக் கைவரவில்லை. எலக்ட்ரீஷியன் ஒருமுறை ஏறும்போதே ஹோல்டரை இ 27 திருகு வகைக்கு மாற்றச் சொல்லிவிடுங்கள், அடுத்த முறை தரையில் நின்றே மாற்றலாம். அந்த ஹோல்டரில் பேஸ் வயர் நடு முனைக்கும் நியூட்ரல் திருகு ஓட்டுக்கும் போக வேண்டும், இது முக்கியம்.

மூன்று பல்பு விளக்கென்றால் ஒன்று போனாலும் மூன்றையும் மாற்றிவிடுங்கள். மூடிய கண்ணாடிக் கூடு இருந்தால் எல்.இ.டி. பல்பு சீக்கிரம் போகும். உள்ளே சூடு தங்கி, பல்புக்குள் கரண்டை மாற்றித் தரும் டிரைவர் என்ற சின்ன சர்க்யூட்டைக் கெடுத்துவிடும். முடிந்தால் திறந்த ஷேடு போடுங்கள்.

மாடிப்படிக்கு மேலே தொங்கும் விளக்கு வேறு ஜாதி. ஏணிக்கு நான்கு காலும் சமமாக நிற்க இடமே இருக்காது. அங்கே நான் முயலவே இல்லை. ஆள் கூப்பிட்டேன், சாரம் கட்டித்தான் ஏறினார்கள். கூலி பல்பு விலையைப் போலப் பல மடங்கு. அன்றே அந்த விளக்கைப் பக்கச் சுவரில், படியில் நின்றால் கை எட்டும் உயரத்துக்கு இறக்கிவிட்டோம். மேலே பழைய கொக்கி மட்டும் இன்னும் இருக்கிறது. அதை எடுக்கவும் சாரம் கட்ட வேண்டும் என்பதால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.