ஒரு காற்றில் போன பைன் காடு

கேள்வி: அமெரிக்காவில் நூற்றாண்டுகள் கண்ட வெள்ளை பைன் காடு ஒரே புயலில் அழிந்துவிட்டதாமே? விழுந்த மரங்களை ஏன் அப்படியே விட்டார்கள்?

பதில்: உண்மைதான். கனெக்டிகட் மாநிலத்தின் கார்ன்வாலில் இருந்த கதீட்ரல் பைன்ஸ் அது. 1989 ஜூலை 10 அன்று வந்த சுழற்காற்று பெரும்பாலான மரங்களைச் சாய்த்துவிட்டது. நினைத்தாலே மனசு கனக்கிறது. உயரம்தான் இவற்றுக்கு வினை: மற்ற மரங்களுக்கு மேலே உச்சி நீட்டிக்கொண்டிருப்பதால் காற்றின் முழு வேகமும் அதில்தான் மோதும், ஒன்று தண்டு முறியும், இல்லையென்றால் வேர் மண்ணோடு பெயர்ந்து சுவர் மாதிரி எழும்பி நிற்க, அடியில் பெரிய பள்ளம் விழும். அந்தப் பள்ளமும் மேடும் பல தலைமுறைக்கு மறையாது.

சரி, ஏன் அகற்றவில்லை? ஊரில் எதிர்ப்பு இருந்தும், காடு தானே என்ன செய்கிறது என்று பார்க்கத்தான். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் பிஸ்கா காட்டில் 1938 புயலில் விழுந்த முதிய பைன்களையும் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தொடவில்லை. அங்கே பைன் திரும்பி வரவில்லை; நிழலில் காத்திருந்த ஹெம்லாக், பீச் என்ற வேறு மரங்களின் கன்றுகள் இடத்தைப் பிடித்துக்கொண்டன. பைன் கன்றுக்கு வெயில் வேண்டுமே! என்னைக் கேட்டால், விட்டது சரியான முடிவு. மட்கும் மரத்தில்தான் பூஞ்சையும் வண்டும் புது நாற்றுகளும் பிழைக்கின்றன.